கணிப்பொறியில் நம் எழுத்து ஏறிய வரலாறு



விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. செக்ரோல் புத்தகத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் உண்டு. ஒரு தோட்டத்தின் புத்தகத்தில் 65 என்றால் முனியம்மா. பக்கத்துத் தோட்டத்தின் புத்தகத்தில் அதே 65 ஆறுமுகமாக இருக்கலாம். எண்ணில் தவறில்லை, ஆளிலும் தவறில்லை. ஆனால் ஒரு தோட்டத்து எண்களை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு தோட்டத்துப் புத்தகத்தை வைத்து வாசித்தால், முனியம்மா வெட்டிய மரத்துக்கு ஆறுமுகம் சம்பளம் வாங்குவார். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், இன்று நாம் பேசப்போகும் பொருளில் பாதி விளங்கிவிடும்.

நம் பிள்ளைகளின் கைப்பேசியிலும் பள்ளிக்கூடத்துக் கணிப்பொறியிலும் தமிழெழுத்து அழகாகத் தெரிகிறது. அதைப் பார்க்கும் நமக்கு, அந்தப் பொறிக்குத் தமிழ் தெரியும் என்றே தோன்றும். உண்மையில் அதற்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மின்சாரம் இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலை மட்டுமே அதற்குத் தெரியும். பால் மங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மங்கு நிறைந்திருக்கும், அல்லது காலியாக இருக்கும். ஒரே மங்கை வைத்து இரண்டு சேதிதான் சொல்ல முடியும். இரண்டு மங்கு என்றால் நான்கு சேதி. மூன்று என்றால் எட்டு. ஐந்து மங்கு 32, ஏழு மங்கு 128, எட்டு மங்கு 256. இந்த நிறைவும் காலியுமே கணிப்பொறியின் எண்கள். எந்த எண் எந்த எழுத்துக்கு என்று மனிதர்கள் உட்கார்ந்து ஓர் அட்டவணை எழுதித் தர வேண்டும். செக்ரோலை எழுதியவர் யார், அதில் யாருடைய பேர் ஏறியது, யாருடைய பேர் விட்டுப்போனது என்பதே நாம் சொல்லப்போகும் வரலாறு.

இது கணிப்பொறிக்கு முன்பே தொடங்கிய கதை. 1844-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் நகருக்கு மோர்ஸ் என்பவரின் தந்தி போயிற்று. நீட்டலும் குறுக்கலுமாகிய தட்டொலிகளே அவருடைய எழுத்துகள். பின்பு 1870-களில் பிரெஞ்சுக்காரராகிய போடோ, ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து நிலைகள் என்று ஒரே அளவாக வகுத்தார். ஐந்து மங்குக் கணக்கு. இரண்டும் ஐரோப்பிய எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் பாட்டனார் காலத்தில் தந்தி வந்தால் லயமே நடுங்கும், ஊரில் யாரோ போய்விட்டார் என்று. அந்தத் துக்கச் செய்தியும் ஆங்கில எழுத்தில்தான் வந்தது. கிராணியிடமோ வாத்தியாரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் பள்ளியும் ஒன்றுதான், சுவரில் ஓடும் பல்லியும் ஒன்றுதான். மரமும் மறமும் ஒன்றுதான்.

1963-இல் அமெரிக்கர்கள் கணிப்பொறிகளுக்கும் தொலைத்தட்டச்சுக் கருவிகளுக்கும் பொதுவான ஓர் அட்டவணை வகுத்தார்கள். ஆஸ்கி என்பது அதன் சுருக்கப் பெயர். ஏழு மங்கு, 128 இடம். அவற்றில் 33 இடங்கள் கண்ணுக்குத் தெரியாத கட்டளைகளுக்குப் போயின. அடுத்த வரிக்குப் போ, தாளைத் தள்ளு என்பன போன்றவை. 7 என்ற எண் அனுப்பினால் அந்தப் பக்கத்துக் கருவியில் மணி அடிக்கும்! மீதி 95-இல் ஒன்று வெற்றிடம். மற்றவை ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தக்குறிகள். ஆங்கிலத்தின் பெரிய ஏ எழுத்துக்கு 65 என்ற எண் வந்தது. சிறிய எழுத்துகள் 1963-ஆம் ஆண்டு அட்டவணையில் இல்லை. 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் ஏறின. அப்போது சிறிய ஏ-க்கு 97 தந்தார்கள். 65-க்கும் 97-க்கும் வேறுபாடு 32, அதாவது ஒரே ஒரு மங்கு நிறைவதும் காலியாவதும். பெரிய எழுத்தைச் சிறிதாக்கப் பொறிக்கு அந்த ஒரு மாற்றம் போதும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த 128-இல் டாலர் குறிக்கு இடம் உண்டு, எண் 36. பிரிட்டனின் பவுண்டுக் குறிக்கு இல்லை. பிரெஞ்சுக்காரரின் தொப்பி வைத்த எழுத்துகளுக்கும் இல்லை. அவர்களுக்கே இடமில்லை என்னும்போது நம்மை யார் கேட்டார்கள்? வஞ்சகம் என்று சொல்ல மாட்டோம். தங்கள் வீட்டுக்கு ஒரு பாத்திரம் வாங்கினார்கள், அது உலகத்துக்கே பாத்திரமாகிவிட்டது.

பிறகு எட்டாவது மங்கு சேர்ந்தது. 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கே என்று நிலைத்துவிட்டதால், மேலுள்ள 128 இடத்தை அவரவர் பங்கிட்டுக்கொண்டார்கள். மேற்கு ஐரோப்பாவுக்கு ஓர் அட்டவணை, ரஷ்ய மொழிக்கு வேறு, அரபுக்கு வேறு.

நம் தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்து. ஜ, ஷ, ஸ, ஹ என்னும் வரிசைகளும் உண்டு. 128 இடத்தில் 247 எழுத்தை எப்படிக் குடியேற்றுவது?

இந்தச் சங்கடத்துக்கு ஏற்கெனவே ஒருவர் வழி கண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பிழைப்புக்காக இந்த மலாயாப் பக்கம் வந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா என்பவரே அவர். தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு உருக்கொடுத்தவர். ஒரு தட்டச்சுப் பொறியில் 247 விசை வைக்க முடியாது. ஆகவே எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். கொம்பு ஒரு விசை, கால் ஒரு விசை. புள்ளியைத் தட்டினால் தாள் நகராது. அப்படியே நின்று, அடுத்து வரும் எழுத்தைத் தன் கீழே வாங்கிக்கொள்ளும். பழைய தட்டச்சர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த நகராத விசையின் ஓசை இன்னும் அவர்கள் காதில் இருக்கும்.

1980-களிலும் 1990-களிலும் கணிப்பொறிக்குத் தமிழ் தேடியவர்கள் இதே வழியைப் பின்பற்றினார்கள். எழுத்துத் துண்டுகளை அந்த 256 இடத்துக்குள் தங்கள் வசதிப்படி அடுக்கினார்கள். பொறியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஓர் ஆங்கில எழுத்தோ ஐரோப்பியக் குறியோதான். அதற்குத் தமிழ் உடை உடுத்திவிட்டார்கள். அந்த உடையே எழுத்துரு எனப்படுவது.

இந்தப் பணியில் நம் இரு நாட்டுத் தமிழர்களும் முன்னணியில் நின்றார்கள். சிங்கப்பூரில் சிறுகதை எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி கணியன் என்னும் ஏற்பாட்டைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு என்னும் மென்பொருளை உருவாக்கினார். கவிஞரும் ஆசிரியருமான முரசு நெடுமாறனின் மகன் அவர். 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் இணையத்தில் ஏறியபோது, தமிழ்க் கவிதைகளும் தமிழ் எழுத்திலேயே ஏறின. வாத்தியார் வேலை பார்ப்பவர்கள் இப்படியெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று நாம் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்திக்கொள்ளலாம், தவறில்லை.

ஆனால் தொல்லை ஒன்று உடன் வந்தது. ஒவ்வொருவரும் தனித்தனிச் செக்ரோல் எழுதினார்கள். ஒருவரின் அட்டவணையில் ககரம் இருந்த எண்ணில் இன்னொருவர் றகரத்தை வைத்திருப்பார். அனுப்பியவரிடம் இருந்த அதே எழுத்துரு பெற்றவரிடமும் இருந்தாலொழியக் கடிதம் வாசிக்கக் கிடைக்காது. குப்பைபோல் ஐரோப்பியக் குறிகள் வரிசையாக நிற்கும்.

இதன் நட்டம் எத்தகையது என்பதை நாம் நேரில் கண்டோம். நமக்குத் தெரிந்த ஒரு தோட்டப் பள்ளி 1990-களில் ஆண்டுமலர் ஒன்றை வெளியிட்டது. ஒரு மாதம் இரவெல்லாம் உட்கார்ந்து ஆசிரியர்கள் தட்டச்சு செய்தார்கள். பள்ளியில் படித்த பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், எந்த லயம் என்ற விவரம் எல்லாம் அதில் இருந்தன. பின்னாளில் தோட்டம் விற்கப்பட்டது. குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்ககங்களுக்குப் பிரிந்து போயின. அச்சிட்ட மலர்கள் வெள்ளத்திலும் கரையானிலும் போக, ஒரு நெகிழ்தட்டு மட்டும் மிஞ்சியது. அதைப் படிக்கும் கருவியைத் தேடிப் பிடித்துத் திறந்தால், 40 பக்கமும் வால் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்! ஒரு பேர்கூடத் தெரியவில்லை. கடைக்காரர் ஒருவர், கோப்பு கெட்டுப்போயிற்று, அழித்துவிடலாம் என்றார். பக்கத்தில் நின்ற முன்னாள் மாணவியின் தாயார் அழுதேவிட்டார். அவருடைய கணவரின் பேர், தமிழெழுத்தில், தோட்டத்து லயத்து எண்ணோடு அச்சான ஒரே இடம் அதுதானாம்.

கோப்பு கெடவில்லை. புத்தகம் மாறியிருந்தது, அவ்வளவுதான். 65 சரியாகவே இருந்தது. அதை முனியம்மா என்று வாசிக்கும் செக்ரோல்தான் கையில் இல்லை. இந்த மலரின் முடிவைப் பின்னால் சொல்வோம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1997-ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 என்னும் மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 நடந்தது. தாம், தாப் என்ற இரண்டு அட்டவணைகளையும் பொதுவான ஒரு விசைப்பலகையையும் தமிழ்நாட்டு அரசு அங்கே முன்வைத்தது. அதே ஆண்டுகளில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து, திஸ்கி என்ற அட்டவணையை வகுத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001 மாநாடு நம் கோலாலம்பூரிலேயே கூடியது. நூறு செக்ரோல் இருந்த இடத்தில் மூன்று நான்காகக் குறைந்தது. ஆனாலும் ஒன்றாகவில்லை.

ஒன்றாக்கும் முயற்சி வேறு திசையிலிருந்து வந்தது. உலகத்து எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே புத்தகம், ஒவ்வோர் எழுத்துக்கும் வேறெதற்கும் இல்லாத ஓர் எண். இதன் பெயர் யூனிகோட், தமிழில் ஒருங்குறி. முதல் பதிப்பு 1991-இல் வெளிவந்தபோதே தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு பகுதி அதில் ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று அந்தப் புத்தகத்தில் மொத்தம் 11 இலட்சத்துக்கு மேற்பட்ட இடம் உண்டு. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளும் குறிகளும் குடியேறிவிட்டன.

ஒருங்குறியில் அகரத்துக்கு எண் 2949. ககரத்துக்கு 2965. மகரம் 2990, ரகரம் 2992, புள்ளி 3021. மரம் என்று தட்டினால் பொறி வைத்துக்கொள்வது 2990, 2992, 2990, 3021. பினாங்கில் தட்டினாலும் சரி, மதுரையில் திறந்தாலும் சரி, மரம் மரமாகவே நிற்கும்.

புள்ளிக்குத் தனி எண் இருப்பதைக் கவனித்தீர்களா? இங்கேதான் தமிழறிஞர்களுக்குள் பெரிய வழக்கு எழுந்தது. 247 எழுத்துக்கும் ஒருங்குறியில் தனித்தனி எண் இல்லை. உயிருக்கு உண்டு, அகரம் ஏறிய மெய்க்கு உண்டு, கொம்பு கால் முதலிய குறிகளுக்கு உண்டு. கி என்பது ககரத்தின் 2965-உம் விசிறியின் 3007-உம் சேர்ந்தது. இந்திய அரசு 1988-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்திருந்த இஸ்கி என்னும் அட்டவணையைப் பார்த்து ஒருங்குறிக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு இது. நம் இலக்கணப்படி க் என்னும் மெய்தான் முதல், அதில் அகரம் ஏறினால் க. ஒருங்குறியிலோ க முதல், அதிலிருந்து அகரத்தைக் கழிப்பதற்குப் புள்ளி. வகுப்பில் நாம் கற்பிப்பதற்கு நேர்மாறு! கொரிய மொழியின் அசைகளுக்கு 11,172 இடம் கொடுத்தவர்கள் நமக்கு 247 கொடுக்கக் கூடாதா என்று கேட்டவர்களின் மனக்குறை நியாயமானதே. 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றதோடு, எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ் 16 என்ற அட்டவணையையும் அங்கீகரித்தது. ஆயினும் உலகப் பொறிகளில் நிலைத்தது ஒருங்குறிதான். நம்மைக் கேட்டால், இலக்கணம் கொஞ்சம் இடித்தாலும் எல்லாரும் ஒரே புத்தகத்தில் இருப்பது பெரிது என்போம். இதில் நம்மோடு மாறுபடும் ஆசிரியர்களும் உண்டு.

அகரவரிசையும் அந்த எண்வரிசையில் இல்லை. எண்படி அடுக்கினால் நகரத்தை அடுத்து உடனே னகரம் வரும், ரகரத்தை அடுத்து றகரம் வரும். வகுப்புப் பெயர்ப்பட்டியலை அப்படி அடுக்கினால் எந்தத் தலைமையாசிரியரும் கோபித்துக்கொள்வார். அதைச் சரிப்படுத்தத் தனியே ஒரு வரிசைவிதியைப் பொறிக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது, சொல்லித்தந்தும் விட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் நன்மையும் ஒன்று உண்டு. எண் எழுத்தின் அடையாளத்துக்குத்தான், வடிவத்துக்கு அல்ல. தமிழ்நாட்டில் 1978-இலும் சிங்கப்பூரில் 1983-இலும் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் லை, னை போன்றவற்றை யானைத் துதிக்கைபோல் சுழித்து எழுதுவோம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த எழுத்து விளங்காது. ஒருங்குறியிலோ பழைய லை, புதிய லை இரண்டும் அதே இரு எண்கள்தாம். எழுத்துருவை மாற்றினால் தாத்தா எழுதிய வடிவம் வரும், மீண்டும் மாற்றினால் பேத்தி எழுதும் வடிவம் வரும். கெ என்று எழுதும்போது நம் கை கொம்பை முதலில் போடுகிறது, ஆனால் பொறி ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் வைத்துக்கொள்கிறது. கையின் வரிசையை விட்டு நாவின் வரிசையைப் பிடித்துக்கொண்டது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் 1,120 மங்கு, அதாவது பிட் உண்டு. ஆங்கில எழுத்துக்கு 7 வீதம் 160 எழுத்து அடங்கும். தமிழுக்கு 16 வீதம் 70 தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. 2005-இல் சிங்கப்பூரில் செல்லினம் என்ற மென்பொருள் வந்து கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. அப்படியிருந்தும் நம்மவர் பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிப் பழகியதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. ஒரு செய்தியில் முடிவது இரண்டு செய்தியாகும், இரட்டிப்புக் கட்டணம். இணையத்துக்குரிய யூடிஎஃப்-8 என்ற முறையை 1992-இல் கென் தாம்சன், ராப் பைக் என்ற இருவர் வகுத்தார்கள். அதிலும் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். இன்று இணைய வழியில் செய்தி அனுப்புகையில் எழுத்தெண்ணிக் கட்டணம் கட்டுவதில்லை. பழக்கம்தான் இன்னும் போகவில்லை.

பள்ளி மலரின் கதையை முடிக்காமல் விட்டோம். அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த ஆசிரியை ஒருவரைத் தேடிப் பிடித்து, எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்று கேட்டோம். எழுத்துருவின் பேர் தெரிந்ததும் வேலை எளிதாயிற்று. பழைய எண்ணை வாங்கிப் புதிய எண்ணைத் தரும் மாற்றுப்பட்டியல்களை அன்பர்கள் பலர் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். சில நொடியில் 40 பக்கமும் தமிழாயிற்று. அந்தத் தாயாருக்குத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தோம். உங்கள் வீட்டிலும் பழைய நெகிழ்தட்டோ குறுவட்டோ இருந்து, திறந்தால் குப்பையாகத் தெரிந்தால், எறிந்துவிடாதீர்கள். எழுத்துரு எது என்று முதலில் விசாரியுங்கள்.

நேயர்களே, எழுத்துகள் ஏறிய பின்பு குறிகளின் முறை வந்தது. பாட்டனார் ஊருக்கு எழுதிய கடிதங்களையும் செட்டியார் கிட்டங்கிக் கணக்குகளையும் பார்த்தவர்களுக்கு ௳, ௴, ௵ என்னும் சுழிப்புகள் நினைவிருக்கும். நாள், மாதம், வருடம். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். இவை 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒருங்குறியில் ஏறின. தமிழ் இலக்கங்களில் ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரமும் முன்பே இருந்தன. சுழியம் மட்டும் 2005-இல் வந்தது, பழைய தமிழ்க் கணக்கில் அதற்கு வேலை இல்லாதிருந்ததே காரணம். 2019-இல் இன்னும் 51 குறிகள் வேறொரு பகுதியில் சேர்ந்தன. முந்திரி என்னும் 320-இல் ஒரு பங்கு முதலான பின்னங்களும், பழைய அளவைக் குறிகளும் அவற்றுள் அடங்கும். அந்தப் பின்னங்கள் எல்லாக் கைப்பேசியிலும் இன்னும் தெரிவதில்லை, சிலவற்றில் வெறுங்கட்டமே தோன்றும். எண் கிடைத்துவிட்டது, உடை தைக்கவில்லை என்று பொருள்.

சென்ற தவணையில் நம் வகுப்பு மாணவி ஒருத்தி, பூட்டன் எழுதிய ஒரு பழைய கடிதத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே ஆண்டு, ஆண்டுக்குப் பின் ஒரு சுழிப்பு. இது என்ன எழுத்து, சார், என்றாள். அவளைக் கணிப்பொறியின் முன் உட்கார வைத்து, தமிழ்க் குறிப் பட்டியலைத் திறந்து, நீயே தேடு என்றோம். காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனவள், 3061-இல் விரலை வைத்தாள். ௵.